பெண்ணில் உறங்கும் ஓர் எக்ஸ்: குருதி உறையாமை நோயும் நம் குடும்பங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கே அமைந்த பண்டத்தரிப்பு, மேலை மருத்துவத்தின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். 1820ஆம் ஆண்டு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் இவ்வூரில் தங்கி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய மருத்துவ மிஷனரிகளுள் முதல்வராக அவரையே எண்ணுவர். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேர்த்தியான ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிகிச்சையகமே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

அக்கல்லூரியின் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். குருதி உறையாமை நோயால், அதாவது ஹீமோபிலியா ஏ வகையால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஐவருக்குப் பரம்பரையலகுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுடைய குருதிக் குருத்துக்கலங்களைப் பிரித்தெடுத்து, குறைபாடற்ற பரம்பரையலகைச் சேர்த்து, மீண்டும் உடலிற் செலுத்தினர். அக்கலங்கள் உடலில் ஊன்றியபின் ஐவருக்கும் குருதிப்பெருக்கு ஏற்படவில்லை. ஐந்தே பேர்தாம், எனினும் இது சிறிய செய்தியன்று. இச்செய்தியை முன்வைத்து நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொரு வினா. இந்நோயால் கடுமையாகப் பாதிக்கப்படுவோர் ஏறக்குறைய அனைவரும் ஆண்களாக இருப்பது ஏன்? பெண்களை இந்நோய் உண்மையிலேயே விட்டுவிடுகிறதா?

சிறு காயம் பட்டாலும் குருதி நில்லாது ஓடும் என்பதே இந்நோயைப் பற்றிய பொது எண்ணம். உண்மையில், வெளிக்காயத்தைவிட முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் கசியும் குருதியே இந்நோயாளரை முடமாக்குகிறது. குருதி உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிச் செயற்பட வேண்டும். அவற்றுள் எட்டாம் காரணி குறைந்தால் ஏ வகை. ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை. ஏ வகை ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. பி வகை அதனினும் அரிது. இவ்விரு காரணிகளையும் ஆக்கும் பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்திலேயே உள்ளன.

குரோமோசோம் என்று தமிழகத்தார் வழங்குவதையே நம் பாடநூல்கள் நிறமூர்த்தம் என்கின்றன. பண்டத்தரிப்புக்கு அணித்தாக உள்ள மானிப்பாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை நூல்களைத் தமிழாக்கினார். அவ்வழி வந்த நாம் இந்தச் சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாடநூல் தரும் விடை எளிது. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணின் ஒரே எக்ஸில் பழுதிருந்தால் அதை ஈடுசெய்ய வேறொன்று இல்லை. பெண்ணுக்கோ மற்றைய எக்ஸ் துணை நிற்கும். ஆகவே அவள் நோயாளியல்லள், நோயைக் கடத்தும் 'காவி' மட்டுமே. இந்த விடையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியைக் கேளாமல் விட்டதனாற்றான் பல பெண்கள் துன்புற்றனர்.

பரம்பரையலகுகளைப் பொறுத்தவரை அளவு மிக முக்கியம். நம் கலங்களில் 21ஆம் நிறமூர்த்தம் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அது இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிட்டால் டவுன் நோய்க்கூட்டறிகுறி உண்டாகிறது. அதிலுள்ள ஒவ்வொரு பரம்பரையலகும் ஒன்றரை மடங்கு வேலை செய்வதன் விளைவே அது. எக்ஸ் நிறமூர்த்தமோ அதைவிட மூன்று மடங்குக்கு மேல் நீண்டது. புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் எண்ணூறுக்கும் மேல் அதில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்மை பெண்மையோடு தொடர்பற்றவை: குருதி உறைதல், நிறம் காணல், தசையின் உறுதி, மூளையின் வளர்ச்சி போன்ற பொதுப் பணிகளுக்கு உரியவை. வை நிறமூர்த்தத்தில் இவற்றின் இணைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவ்வாறாயின், இப்பணிகளிலெல்லாம் பெண் ஆணைவிட இருமடங்கு அளவைப் பெற வேண்டும். அப்படி நிகழ்ந்தால் ஆண், பெண் ஆகிய இருவரில் ஒருவரேனும் உயிர்வாழ்வது அரிது. இரு பாலாரும் நலமாக வாழ்கின்றனர் என்பதே, எங்கோ ஒரு சமன்பாடு நிகழ்கிறது என்பதற்குச் சான்று.

அதன் முதல் தடயம் 1949இல் கிடைத்தது. இன்று நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில், மரே பார் என்பவரும் அவருடைய மாணவர் ஏவர்ட் பேர்ட்ராமும் பூனைகளின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். பெண் பூனைகளின் கலக் கருவில் மட்டும் கரிய புள்ளி ஒன்று தெரிந்தது. ஆண் பூனைகளில் அது இல்லை. அவர்கள் தேடியது வேறு, கண்டது இது. அந்தப் புள்ளி சுருண்டு இறுகிய ஓர் எக்ஸ் நிறமூர்த்தமே என்பதை 1959இல் சுசுமு ஓனோ எடுத்துக்காட்டினார். 1961இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பணியாற்றிய மேரி லையன், எலிகளின் உரோம நிறத்தை ஆராய்ந்து, இரண்டையும் இணைத்து விளக்கினார். பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்குகிறது; மற்றது மட்டுமே தொழிற்படுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு அவ்வாறே சமப்படுகிறது.

இவ்வுறக்கம் கருவின் தொடக்க நாள்களிலேயே நிகழ்கிறது. உறங்கப்போகும் எக்ஸிலிருந்தே ஓர் ஆர்.என்.ஏ. இழை சுரந்து அந்நிறமூர்த்தத்தின்மேற் போர்வைபோற் படர்கிறது. அதை ஆக்கும் 'எக்சிஸ்ட்' என்னும் பரம்பரையலகு 1991இல் அறியப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு புரதங்கள் வந்து சேர, அந்த எக்ஸ் இறுகி ஓய்கிறது. எந்தக் கலத்தில் எது உறங்குவது என்பதற்கு விதி இல்லை. ஒரு கலத்தில் தந்தை வழி வந்த எக்ஸ் உறங்கும். அடுத்த கலத்தில் தாய்வழி வந்தது உறங்கும். ஆனால் ஒருமுறை முடிவானபின், அக்கலத்திலிருந்து பிரிந்து பெருகும் கலங்கள் யாவும் அதே முடிவையே ஆயுள் முழுவதும் காக்கும். கங்காரு இனத்தில் எப்போதும் தந்தை வழி எக்ஸே உறங்குகிறது. மனிதரிடத்தில் அத்தகைய ஓரவஞ்சனை இல்லை.

உயிரினங்கள் யாவும் இந்த ஒரே வழியைக் கையாளவில்லை. பழ ஈயில் பெண்ணின் எக்ஸ் எதுவும் உறங்குவதில்லை. ஆணின் ஒற்றை எக்ஸ் இருமடங்கு உழைக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஹேர்மன் முல்லர் இந்தச் சமன்பாட்டை முதலிற் சுட்டிப் பெயரிட்டதும் பழ ஈயை வைத்தே. ஆணின் எக்ஸ் விரைந்து ஆர்.என்.ஏ. ஆக்குவதை 1965இல் நேரே காட்டியவர்களுள் ஒருவர், பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. எஸ். முகர்ஜி. மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணிய உருளைப்புழுவோ, தன் இரண்டு எக்ஸையும் பாதி பாதியாகத் தணித்துக்கொள்கிறது. நம் வீட்டுக் கோழியில் நிலைமை தலைகீழ்: சேவலுக்கே இரண்டு ஒத்த நிறமூர்த்தங்கள், பேட்டுக்கு ஒன்றுதான். அங்கே சமன்பாடு முழுமையாக நிகழாமல், தேவையான பரம்பரையலகுகளில் மட்டும் ஓரளவு நிகழ்கிறது.

மனிதரிடம் மீள்வோம். சாயமிட்ட ஓலையையும் சாயமிடாத ஓலையையும் கலந்து பாய் இழைப்பதைக் குடாநாட்டில் அறியாதார் இல்லை. பெண்ணின் உடல் அத்தகைய பாய். ஓரிடத்தில் தந்தை தந்த எக்ஸ் விழித்திருக்கும் கலங்கள்; அருகே தாய் தந்தது விழித்திருக்கும் கலங்கள். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையைத் தெருவிற் கண்டால் அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனையே. அந்நிறத்துக்குரிய பரம்பரையலகு எக்ஸில் இருப்பதே காரணம். மனிதரில் இதைக் குருதியிலேயே காட்டியவர் ஏர்னஸ்ட் பொய்ட்லர். ஜி6பிடி என்னும் நொதியத்தின் குறைபாட்டுக்குரிய பரம்பரையலகும் எக்ஸிலேயே உள்ளது. அதில் ஒன்று பழுதான பெண்களின் குருதியில், நொதியம் நிறைந்த செங்குழியங்களும் அது குறைந்த செங்குழியங்களும் தனித்தனியே கலந்திருப்பதை அவர் 1962இல் நிறுவினார்.

மலேரியாவோடு நெடுங்காலம் போராடிய நம் நாட்டுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஒருவகை மலேரியா ஈரலிற் பதுங்கியிருந்து மீளத் தலைதூக்காமற் செய்யும் பிறிமாகுயின் மருந்து, ஜி6பிடி குறைந்தவரின் செங்குழியங்களைச் சிதைக்கக்கூடியது. இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றபோதிலும், வெளிநாட்டிலிருந்து தொற்றுடன் வருவோருக்கு இம்மருந்து தேவைப்படுகிறது. விரைவுப் பரிசோதனை ஆண்களில் தெளிவான விடை தரும். பெண்களிலோ, நல்ல செங்குழியங்களும் குறைபட்டவையும் கலந்திருப்பதால், குறைபாடு புலப்படாமலே போகலாம். 'பெண்ணுக்கு இரண்டு உண்டு' என்னும் ஆறுதலை நம்பி மருந்து கொடுப்பது அங்கே ஆபத்து.

குருதி உறையாமை நோயிலும் இதே கதைதான். எட்டாம் காரணி பெரும்பாலும் ஈரலின் குருதிக் கலன்களை உள்ளே படலமாகப் போர்த்திருக்கும் கலங்களில் ஆக்கப்பட்டுக் குருதியிற் கலக்கிறது. பழுதான ஓர் எக்ஸைக் கொண்ட பெண்ணில், அக்கலங்களிற் பாதி நல்ல எக்ஸை விழிக்கவைத்திருந்தால், அவளுடைய காரணியின் அளவு இயல்பினதிற் பாதியாக இருக்கும். குருதி உறைவதற்கு அது போதும். ஆனால் பாதி என்பது சராசரிக் கணக்கு. தொடக்கத்தில் மிகச் சில கலங்கள் எடுத்த தற்செயலான முடிவு அது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எப்போதும் ஐந்து தலை விழுவதில்லை. ஒரு பெண்ணிடம் காரணி இயல்பளவை எட்டும். அவளுடன் பிறந்த சகோதரியிடம் அது நூற்றுக்கு இருபதாக, சிலவேளை அதற்கும் கீழாகத் தாழும். இருவரும் 'காவி' என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவர். ஒருத்திக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லையில்லை. மற்றவளுக்கு மாதந்தோறும் நாள் கடந்த உதிரப்போக்கு. பல் பிடுங்கினால் நில்லாத குருதி. 'எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது அப்படித்தான்' என்று அவளுடைய தாயும் பாட்டியும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது மெய்யே. அவர்களும் அதே எக்ஸைச் சுமந்தவர்கள் அல்லவா?

உறங்கும் எக்ஸ் முற்றாக உறங்குவதுமில்லை. அதன் பரம்பரையலகுகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து விழித்தே இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே எக்ஸுடன் பிறக்கும் டேர்னர் நிலைப் பெண்களுக்கும், இரண்டு எக்ஸும் ஒரு வையும் கொண்ட கிளைன்பெல்ரர் நிலை ஆண்களுக்கும் உடல் மாறுபாடுகள் தோன்றுவது இதனாலேயே. லூப்பஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் பெண்களிடம் மிகுந்திருப்பதற்கும் இது ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

நம் குடும்பங்களில் இந்நோய் தோன்றும்போது எழும் முதற்பேச்சு குற்றச்சாட்டே. 'தாய்வழி வந்த நோய்' என்று மருமகளைச் சுட்டும் விரல் சைவ வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் ஒன்றுதான். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது என்பது உண்மை. எனினும் அத்தாய்க்கு அது அவளுடைய தந்தையிடமிருந்தும் வந்திருக்கலாம். நோயாளரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இருப்பதில்லை. புதிதாக நிகழ்ந்த விகாரமே காரணம். அதற்கு எவரையும் பொறுப்பாக்க இயலாது.

அடுத்த பேச்சு சொந்தத்துக்குள் செய்த சம்பந்தம் பற்றியது. இங்கே சற்று நின்று கணக்கிட வேண்டும். மகனுக்குத் தந்தை கொடுப்பது வை, எக்ஸ் அன்று. ஆகவே தந்தை உறவினரா அந்நியரா என்பது, மகனுக்கு இந்நோய் வருவதை எவ்வகையிலும் மாற்றாது. மாற்றுவது மகளின் நிலையையே. நோயுள்ள ஆண் தன் தாய்மாமன் மகளை மணக்கிறான் என்க. அம்மாமனுக்கும் அதே நோய் இருந்தால், மணமகள் பழுதான எக்ஸை உறுதியாகச் சுமப்பவள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகளுக்கும் தந்தையிடமிருந்து ஒரு பழுதான எக்ஸ் நிச்சயம். தாயிடமிருந்து இன்னொன்று வருவதற்குப் பாதி வாய்ப்பு. இரண்டும் பழுதாயின் எது உறங்கினாலும் பயனில்லை. அப்பெண் ஆணைப்போன்றே நோய்வாய்ப்படுவாள். மாமனுக்கு நோயில்லையெனில் அவர்வழி இந்த ஆபத்தும் இல்லை.

அதே ஆண் தந்தையின் சகோதரி மகளை மணந்தால் நிலைமை வேறு. அவனுடைய எக்ஸ் தாயிடமிருந்து வந்தது. தந்தையின் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஷரீஅத் அனுமதிக்கும் தந்தையின் சகோதரன் மகளுக்கும் இதே கணக்கு. தாயின் சகோதரி மகளாயின் மீண்டும் எக்ஸ் வழித் தொடர்பு வந்துவிடுகிறது. நம் முன்னோர் முறைப்பெண் என்று ஒரே சொல்லில் அடக்கிய மாமன் மகளும் அத்தை மகளும் எக்ஸின் கணக்கில் ஒன்றல்லர் என்பது சுவையான செய்தி. வேறு சில குருதிப்பெருக்கு நோய்கள் எக்ஸில் அமையாதவை. அவை நெருங்கிய உறவுத் திருமணங்களில் கூடுதலாகத் தோன்றும். எந்தக் காரணி குறைந்துள்ளது என்பதை அறியாமல் உறவைப் பழிப்பதும் தவறு. உறவால் ஒன்றுமில்லை என்பதும் தவறு.

முஸ்லிம் வாசகருக்கு இந்நோயின் வரலாற்றில் ஓர் உரிமை உண்டு. கி.பி. 1000ஐ ஒட்டி ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த மாமருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, காயம்பட்டால் ஆண்கள் குருதி பெருகி இறக்கும் நிலையைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலிற் குறித்துள்ளார். ஆண் குழந்தையிடம் இந்நோய் முதன்முதல் வெளிப்படும் தருணங்களுள் சுன்னத்தும் ஒன்று. தாயின் சகோதரனுக்கோ, தாயின் சகோதரி மகனுக்கோ, குழந்தையின் மூத்த சகோதரனுக்கோ குருதி நில்லாத வரலாறு இருந்தால், சுன்னத்துக்கு முன்னரே வைத்தியசாலையில் காரணி அளவைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து செய்யும் ஒஸ்தாவிடமும் இதைச் சொல்லாமல் விடலாகாது. நோய் உறுதியானாலும் சுன்னத்துச் செய்ய இயலும். காரணியை முன்னும் பின்னும் ஏற்றி, வைத்தியசாலையிற் செய்ய வேண்டும். எட்டாம் காரணியைப் பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடிக் குருதியிலேயே அளக்கலாம். ஒன்பதாம் காரணி எல்லாக் குழந்தைகளுக்கும் பிறப்பின்போது குறைவாகவே இருக்கும். இலேசான குறைபாடா என அறிய ஆறு மாதங்களின்பின் மீளப் பார்க்க வேண்டும்.

பிள்ளைப்பேறே பெண்களுக்குப் பெரிய சோதனை. எட்டாம் காரணி கருவுற்ற காலத்தில் தானாக உயர்கிறது. ஆகவே பிரசவம் பெரும்பாலும் நலமாக முடிகிறது. பிள்ளை பிறந்தபின் அது பழைய அளவுக்கு இறங்குகிறது. தாய் வீடு திரும்பி, சுற்றத்தார் பிள்ளை பார்க்க வரும் நாள்களிலேயே குருதிப்பெருக்கு மிகலாம். ஒன்பதாம் காரணியோ கருவுற்ற காலத்திலும் பெரிதாக உயர்வதில்லை. ஆண் குழந்தைக்கு நோய் இருக்கக்கூடுமெனின், உறிஞ்சு கருவியால் தலையை இழுத்துப் பிரசவிக்கச் செய்வதைத் தவிர்ப்பர். மூளையிற் குருதி கசியும் அபாயம் அதில் உண்டு. இவையாவும் பிரசவ அறையில் முடிவுசெய்யப்பட வேண்டியவை அல்ல. கருவுற்றவுடன் மருத்துவிச்சி எழுதும் அட்டையிலேயே, தாயின் சகோதரனுக்கு இந்நோய் உண்டு என்னும் ஒரு வரி இருந்தால் மற்றவை ஒழுங்காக நடைபெறும்.

ஐடா ஸ்கடர் வைத்தியரானதற்கு அவரே கூறிய காரணம் பலரும் அறிந்தது. 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், வேறொரு இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை அழைத்தனர். அவர் வைத்தியம் அறியார். வைத்தியரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்களுள் எவரும் இசையவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். 1918இல் பெண்களுக்கென்றே வேலூரில் அவர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதன் பின்னணி இது.

அத்தகைய தடை இன்று நம்மிடையே இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவுக்குச் செல்லும் பெண்ணை யாரும் மறிப்பதில்லை. இருந்தும், 'நீ காவி மட்டுமே' என்ற சொல் அவளுடைய குருதியை அளக்காமலே அனுப்பிவிடுகிறது. குருதி உறைதல் நோய்களுக்கான சர்வதேச வல்லுநர் சங்கம் 2021இல் இச்சொல் வழக்கைத் திருத்தியது. காரணியின் அளவு நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழிருக்கும் பெண்ணை இனி ஆணைப்போன்றே இலேசான, நடுத்தரமான அல்லது கடுமையான நோயாளி என்று பதிய வேண்டும். நாற்பதுக்கு மேலிருந்தும் குருதிப்பெருக்கால் வருந்துபவளை, அறிகுறியுள்ள காவி எனத் தனியே குறிக்க வேண்டும். எந்தப் பெண் எந்த வகுப்பினள் என்பதைக் குடும்ப வரலாறு மட்டும் சொல்லாது. அவளுடைய கலங்களில் எந்த எக்ஸ் உறங்கியது என்பதைப் பொறுத்தது அது. சிறிதளவு குருதி எடுத்துக் காரணியை அளந்தால் தெரிந்துவிடும்.